தேரிக்காட்டிலிருந்து சட்டைக்கு: இயற்கையை வைத்து ஆண்கள் உடைத் தொகுப்பு உருவாக்கும் முழு வழி

‘இயற்கை தீம்’ என்று ஜவுளிக் கடைக்காரரிடம் சொன்னால் அவர் கண்முன் வருவது இலை பிரிண்ட் போட்ட ரேயான் சட்டைதான். என் முதல் தொகுப்பும் அப்படித்தான் இருந்தது. வெள்ளைத் துணியில் பச்சை மான்ஸ்டெரா இலை. மத்திய அமெரிக்கக் காடுகளில் வளரும் கொடி அது. நான் படத்தில் பார்த்ததோடு சரி. சட்டைகள் விற்றன, ஆனால் இரண்டாவது முறை கேட்டு யாரும் வரவில்லை. அதே இலை அந்த வருடம் எல்லாக் கடையிலும் தொங்கியது.

அதற்குப் பிறகு வேலை செய்யும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். ஒரே ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொள்கிறேன். நேரில் போய் அது தரும் நிறம், கோடு, அமைப்பு எல்லாவற்றையும் சேகரிக்கிறேன். பிறகு அந்த சீசனின் டிரெண்டைச் சல்லடையாக வைத்து, சேகரித்ததில் எது இந்த வருடம் வெளியே வரவேண்டும் என்று பிரிக்கிறேன். பிரிண்ட் வேண்டுமா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டை வைத்துச் செய்த ஒரு கோடைத் தொகுப்பை எடுத்துக்கொண்டு இந்த வழியை முழுதாகச் சொல்கிறேன். உங்கள் இடம் கொல்லிமலையாகவோ காவிரிக் கரையாகவோ இருக்கலாம். வேலையின் வரிசை அதேதான்.

## நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஆண்கள் உடைக்கான உலக நாட்காட்டி வருடத்தில் இரண்டு முறை சுற்றுகிறது. மிலான், பாரிஸ் ஷோக்கள் ஜனவரியிலும் ஜூனிலும் நடக்கின்றன. ஜனவரியில் காட்டுவது அடுத்து வரும் குளிர்காலத்துக்கு, ஜூனில் காட்டுவது அடுத்த வருடக் கோடைக்கு. ஃப்ளோரன்ஸில் நடக்கும் பிட்டி உவோமோ கண்காட்சியும் இதே மாதங்களில்தான். நமக்கு முக்கியம் ஜூன். கம்பளிக் கோட்டை வைத்து மதுரையில் என்ன செய்வது?

ஜூனில் பார்த்ததை அடுத்த சித்திரைக்குக் கடையில் வைக்க ஏறக்குறைய பத்து மாதம் கிடைக்கிறது. கைத்தறியில் துணி நெய்து வாங்கவும் இது போதும். ஏப்ரல் முதல் வாரம் சட்டை கடையில் இருக்க வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச் தையலுக்கு. ஜனவரி முடிவதற்குள் துணி கைக்கு வரவேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை நெசவு. அக்டோபரில் சேம்பிள். ஆகஸ்ட், செப்டம்பரில் நிறமும் டிசைனும். ஜூன், ஜூலை இடத்தைப் பார்க்க. நெசவு மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வரும். தெருவில் பாவு, அதாவது துணியின் நீள நூல்களை, நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் ஊர்களில் வேலை தள்ளிப்போகும். அதற்காக இரண்டு வாரம் கூடுதலாக வையுங்கள்.

## இடத்தில் போய் உட்காருங்கள்

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் செம்மணல் மேடுகள்தான் தேரி. ஒவ்வொரு மணல் துகள் மீதும் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. ஆடிக் காற்றில் மணல் நகரும். நேற்றுப் பார்த்த கால்தடம் இன்று இருக்காது. மேட்டில் பனையும் குடை விரித்தாற்போன்ற உடைமரமும். கிழக்கே மணப்பாட்டில் கடற்கரை மணல், வடக்கே தூத்துக்குடியின் உப்பளங்கள். சிவப்பும் வெள்ளையும் கடலும் சிறு தூரத்துக்குள் கிடைக்கும் நிலம் இது.

இரண்டு நாளாவது தங்குங்கள். ஒரே மேட்டை விடியற்காலை, உச்சிவெயில், பொழுது சாயும் நேரம் என்று மூன்று முறை பாருங்கள். மணல் மூன்று நிறத்தில் இருக்கும். போன் கேமராவை மட்டும் நம்பாதீர்கள், அது வெண்மையைத் தானாகத் திருத்தி சிவப்பைக் கெடுத்துவிடும். தையல் நூல் கம்பெனிகள் கொடுக்கும் ஷேடு கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், மணலின் மேலேயே வைத்து எந்த நூல் ஒட்டுகிறது என்று பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் தந்தது இந்தச் சின்னக் காரியம்தான். வனத்துறை நிலத்திலிருந்து மணலோ செடியோ எடுத்து வராதீர்கள், நூல் எண் இருந்தால் போதும்.

பார்ப்பதை நான்காகப் பிரித்து எழுதுவேன்: நிறம், கோடு, மேற்பரப்பு, அமைப்பு. நிறம் எல்லோர் கண்ணிலும் படும். மற்ற மூன்றுக்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு பன்னாடையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பனை மட்டை மரத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் நார்த் துணி அது. ஒரு திசையில் தடித்த நார், அதன் குறுக்கே மெல்லிய நார், நடுவே ஒழுங்கில்லாத கண்கள். விளிம்பில் நார்கள் நெருங்கி, நடுவில் விலகி நிற்கும். தறியில்லாமல் மரமே நெய்துகொண்ட துணி. அந்தக் காலத்தில் வடிகட்டியாகப் பயன்படுத்தினார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, என் கோடைச் சட்டைக்கான துணி இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. இலையை வரைந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

## டிரெண்டைச் சல்லடையாகப் பிடிப்பது

டபிள்யூஜிஎஸ்என் போன்ற கணிப்பு நிறுவனங்களின் சந்தா சிறிய பிராண்டுக்குக் கட்டுப்படியாகாது. ஷோ படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜூன் ஷோக்களிலிருந்து நூறு படங்களைச் சேமித்து, திரும்பத் திரும்ப வருவதை எண்ணிப் பாருங்கள். நூறில் பதினைந்துக்கு மேல் ஒரு விஷயம் வந்தால் அதை நான் கணக்கில் எடுப்பேன். ஒரே ஒரு டிசைனர் செய்த அதிசயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுவேன். சமீப வருடங்களில் இப்படித் தொடர்ந்து நின்றவை: உடலை விட்டு விலகிய தளர்வான வெட்டு, கழுத்துப் பட்டன் இல்லாமல் விரிந்து படுக்கும் கேம்ப் காலர், ப்ளீட் (மடிப்பு) வைத்த அகல பேண்ட், சட்டை மேல் போடும் மெல்லிய ஓவர்ஷர்ட், பழுப்பின் பல சாயல்கள்.

அந்தப் பழுப்பையே எடுத்துக்கொள்வோம். நிறங்களுக்கு எண் கொடுக்கும் பேண்டோன் நிறுவனம் 2025ஆம் ஆண்டுக்கு அறிவித்த நிறம் மோக்கா மூஸ், எண் 17-1230. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் அடர்த்தி: 11 மிக வெளிர், 19 மிக அடர். அடுத்த இரண்டு, நிறவட்டத்தில் அதன் இடம். கடைசி இரண்டு, நிறம் எவ்வளவு செறிவு என்பது. சாயப்பட்டறைக்காரரிடம் ‘கொஞ்சம் டல்லா வேணும்’ என்று சொல்வதைவிட, கடைசி இரண்டு இலக்கம் குறைந்த எண்ணைக் கொடுப்பது வேலையை மிச்சப்படுத்தும்.

ஆனால் மோக்கா மூஸை அப்படியே வாங்கி வைத்தால் மறுபடி எல்லாக் கடையிலும் தொங்கும் சட்டைதான். உலகம் பழுப்புக்கு வந்திருக்கிறது என்பது மட்டும்தான் அந்த அறிவிப்பில் எனக்கு வேண்டிய செய்தி. தேரிக்காட்டின் பழுப்பு எது? உடன்குடிக் கருப்பட்டி. உடைத்த இடத்தில் ஒரு நிறம், மேல் பக்கம் ஒரு நிறம், காபியில் கரைந்தால் இன்னொன்று. உடைத்த இடத்து நிறத்தை எடுத்தேன். மோக்கா மூஸைவிட அடர், கொஞ்சம் சிவப்பு கூட. பார்ப்பவர் கண்ணுக்கு இந்த சீசன் நிறமாகவே தெரியும், ஆனால் வேறு யாரிடமும் இருக்காது.

வெட்டு, காலர், பேண்ட் எல்லாவற்றுக்கும் இதே கேள்விகள்தான்: நம் வெயிலில் இது தாங்குமா? நான் பார்த்த இடத்தில் இதற்கு ஈடானது இருக்கிறதா? என் வாடிக்கையாளர் இதை எங்கே போட்டுக்கொண்டு போவார்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான் உள்ளே. ஓவர்ஷர்ட் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது.

## நிறமும் சாயமும்

ஏழு நிறத்துக்கு மேல் வைக்காதீர்கள். என் ஏழு: தேரிச் சிவப்பு, கருப்பட்டி, கோரா, நுங்குத் தோலின் கருஊதா, காய்ந்த ஓலையின் சாம்பல் பழுப்பு, தூசி படிந்த உடைமர இலையின் பச்சை, வெளுத்த கடல் நீலம். நிலத்தில் எந்த நிறம் எவ்வளவு பரவியிருக்கிறதோ, அந்த விகிதம் தொகுப்பிலும் இருந்தால் பார்க்க இயல்பாக இருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. தேரியில் சிவப்புதான் அதிகம், ஆனால் ஆண்கள் சட்டையில் சிவப்பு அதிகம் போகாது. அதனால் கோராவையும் கருப்பட்டியையும் அடித்தளமாக்கி, சிவப்பை இரண்டு சட்டைக்கும் தையல் நூலுக்கும் வைத்தேன்.

கோரா என்பது வெளுக்காத, சாயம் போடாத பருத்தி. அதை அதிகம் வைத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை என்ன செய்தது என்பது கொங்குப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இழையோடு வேதிவினையில் பிணையும் ரியாக்டிவ் சாயத்தைப் பருத்தியில் ஏற்ற நிறைய உப்பு வேண்டும். சாயத்தின் நிறத்தைக்கூட எடுத்துவிடலாம், நீரில் கரைந்த அந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. ஓர் ஆற்றைக் கெடுத்துவிட்டு இயற்கையின் பெயரில் சட்டை விற்க என்னால் முடியாது. பட்டறையை முடிவு செய்யுமுன் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்பு இருக்கிறதா, அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று காகிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர்கள் தயங்காமல் காட்டுவார்கள்.

தாவரச் சாயம் வேண்டுவோருக்கு: நீலத்துக்கு அவுரி. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் பயிராகிறது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். வெளுத்த கடல் நீலத்துக்கு ஒரே முக்குப் போதும். சாம்பலுக்குக் கடுக்காயும் இரும்புக் கரைசலும். சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் படிகாரம் பருத்தியில் நேராகப் பிடிக்காது, முதலில் கடுக்காய்த் துவர்ப்பு ஏறவேண்டும். இரும்பைக் கூட்டினால் கறுப்பு நன்றாக வரும், ஆனால் நாளாக ஆக இழை பலவீனப்படும், அளவோடு நிறுத்துங்கள். சிவப்புக்குச் சோழமண்டலக் கரையின் பழைய சாயவேர் இருக்கிறது, ஆனால் நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அதை நம்பி இறங்க முடியாது. தேரிச் சிவப்பை நான் ரியாக்டிவ் சாயத்திலேயே போட்டேன். துறவிகள் துணியில் ஏற்றிய காவிக்கல்லும் தேரி மணலின் சிவப்பும் ஒரே இரும்பு ஆக்சைடுதான் என்றாலும், காவிக்கல் இழைக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். துவைக்கத் துவைக்கப் போய்விடும்.

லேப் டிப், அதாவது பட்டறை சாயம் போட்டு அனுப்பும் சிறு மாதிரித் துணி, வந்ததும் ஒரு முறை துவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் பாருங்கள். வெயிலில், ட்யூப் லைட்டில், கடையின் எல்இடி வெளிச்சத்தில் என்று மூன்றிலும். மூன்றிலும் ஒரே மாதிரி நிற்காத நிறத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

## துணி

பன்னாடையைத் துணியாக்க, பாவில் 60 கவுண்ட் (மெல்லிய) நூலும் குறுக்கே ஓடும் ஊடையில் தடிப்பு மாறி மாறி வரும் ஸ்லப் நூலும் கொடுத்து, இழைகளைச் சற்றுத் தளர்த்தி நெய்யச் சொன்னேன். கரைப் பக்கம் நெருக்கம், நடுவில் தளர்வு. முதல் மாதிரி அழகாகத்தான் இருந்தது. துவைத்ததும் இழைகள் நகர்ந்து ஓட்டை விழுந்தது. தையல் வரும் தோள், அக்குள் பக்கங்களில் இந்தத் துணி இழுபடும் என்று கட்டிங் மாஸ்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். தளர்வைப் பாதியாகக் குறைத்து, யோக்கை, அதாவது தோளுக்குக் குறுக்கே வரும் மேல் துண்டை, மட்டும் நெருக்கமான கோராத் துணியில் இரட்டையாக வைத்த பிறகு சரியாக நின்றது.

எவ்வளவு துணி வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே கணக்கிடுங்கள். 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர். 36 அங்குலக் கைத்தறியில் 2.5 மீட்டர் வரை போகும். 200 சட்டை என்றால் 500 மீட்டர். ஒரு தறியில் நாளுக்கு நாலு மீட்டர் என்று வைத்தால் 125 தறி நாள். ஐந்து தறி கிடைத்தால் 25 வேலை நாள், பாவு ஏற்றும் நாட்கள் தனி. இந்தக் கணக்கு இல்லாமல் நெசவாளரிடம் தேதி கேட்பது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

துணி வந்ததும் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்து மூன்று முறை துவையுங்கள். 48 ஆனால் 4 சதவீதம் சுருக்கம். பேட்டர்னில் அதைச் சேர்க்கலாம், அல்லது முழுத் துணியையும் துவைத்துவிட்டு வெட்டலாம். கைத்தறிக்கு இரண்டாவது வழிதான் நிம்மதி. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

## வடிவம்: ஓலை மடிப்பும் மயில்கண்ணும்

பனை ஓலையின் ஒவ்வொரு இதழும் ஈர்க்கை நடுவில் வைத்து மடிந்திருக்கும். காம்புப் பக்கம் மடிப்புகள் நெருங்கி, நுனிப் பக்கம் விரியும். விசிறியின் இரகசியமே அதுதான். இதைச் சட்டையின் முதுகில் வைத்தோம். யோக்குக்குக் கீழே நடுவில் ஐந்து சிறு மடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர். மூன்று அங்குலம் வரை தைத்துப் பிடித்து, அதற்குக் கீழே விரிய விட்டோம். நடக்கும்போது முதுகில் காற்று புகும். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணச் சட்டை. பக்கத்தில் வந்தால்தான் ஓலை தெரியும். தளர்வான வெட்டு டிரெண்டில் இருப்பதால் இந்த அகலம் வாங்குபவருக்கு விநோதமாகவும் படாது.

உடைமரம் மேலே தட்டையாக விரிந்து, கீழே ஒல்லியாக நிற்கும். தோளை இறக்கி, உடம்பை நேர்வெட்டாக விட்ட சட்டைக்கு அதுதான் மூலம். மட்டையின் இரு பக்கமும் ரம்பப் பல்லாக இருக்கும் கருக்கு, பாக்கெட் விளிம்பில் தேரிச் சிவப்பு நூலில் ஒரு சிறு பல் வரிசையாக வந்தது.

இயற்கையை இப்படிச் சுருக்கிச் சொல்வது நம் நெசவாளர்களுக்குப் பழகிய வேலை. மயில்கண் வேட்டியில் மயில் எங்கே இருக்கிறது? தோகையில்லை, கழுத்தில்லை. கண் போன்ற ஒரு சிறு வடிவம் கரை முழுக்க ஓடும், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் அதைக் கூச்சமில்லாமல் கட்டுகிறார்கள். ஒரு டிசைனில் எவ்வளவு குறைக்கலாம் என்று சந்தேகம் வரும்போதெல்லாம் நான் ஒரு மயில்கண் வேட்டியை எடுத்து விரித்துப் பார்ப்பேன்.

பட்டனுக்குத் தேங்காய்ச் சிரட்டை. விலை உயர்ந்த சட்டைகளில் வரும் கொரோசோ பட்டனும் தென் அமெரிக்கப் பனை வகை ஒன்றின் கொட்டைதான்; நமக்குச் சிரட்டையே பக்கம். துவைப்பில் ஓரம் உடைகிறதா என்று ஒரு டஜனைச் சோதியுங்கள். காஜா (பட்டன் துளை) எடுப்பவரிடம் பட்டனைக் கொடுத்து அளவு பார்க்கச் சொல்லுங்கள், சிரட்டைப் பட்டன் தடிப்பில் சீராக இருக்காது.

## எத்தனை பீஸ், என்ன விலை

முதல் தொகுப்புக்கு எட்டு அல்லது ஒன்பது டிசைன் போதும். என்னுடையதில் ஐந்து சட்டை, இரண்டு பேண்ட், ஒரு பின்னல் துணி டீ ஷர்ட், கருக்குக் கரை போட்ட ஒரு துண்டு. எந்தச் சட்டையும் எந்தப் பேண்டோடும் சேரவேண்டும். தரையில் எல்லாவற்றையும் பரப்பி, சேராததை எடுத்துவிடுங்கள். அளவு விகிதத்தை 38, 40, 42, 44 என்ற நான்குக்கும் 1:2:3:2 என்று வைத்தேன். 200 சட்டையில் 25, 50, 75, 50.

விலைக் கணக்கு ஓர் உதாரணமாக: துணி மீட்டர் 280 ரூபாய் என்றால் 2.5 மீட்டருக்கு 700. தையல் 220. பட்டன், காலருக்குள் வைக்கும் கேன்வாஸ், லேபிள் 45. துவைப்பு, இஸ்திரி, பேக்கிங் 35. மொத்தம் 1000. இதோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அடுத்த சீசனுக்குக் காசில்லாமல் நிற்கிறார்கள். பயணம், லேப் டிப், வீணான மாதிரித் துணி, சேம்பிள் தையல் எல்லாம் சேர்ந்து 60,000 ஆகியிருந்தால், 200 சட்டைக்குப் பிரித்தால் தலைக்கு 300. அடக்கம் 1300. கடை வாடகையோ, கடைக்காரர் கமிஷனோ, விற்காமல் நிற்கப்போவதோ இதில் இன்னும் சேரவில்லை.

## சேம்பிளைப் போட்டுக்கொண்டு நடங்கள்

ஃபிட் சேம்பிளைப் பொம்மைக்குப் போட்டுப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். 38 போடும் ஒருவரும் 44 போடும் ஒருவரும் அதைப் போட்டு பைக் ஓட்ட வேண்டும், தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும், மேலே கையை உயர்த்திப் பெட்டி எடுக்க வேண்டும். எங்கள் ஓலை மடிப்பு நின்றபடி பார்க்கையில் அழகு. உட்கார்ந்து நாற்காலியில் சாய்ந்தால் ஐந்து மடிப்பும் முதுகில் குத்தின. மடிப்பை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்து, தையல் பிடிப்பை மூன்று அங்குலத்திலிருந்து இரண்டாக்கினோம்.

சேம்பிளை எடுத்துக்கொண்டு ஒரு தடவை அந்த இடத்துக்கே போங்கள். சிவப்புச் சட்டையைத் தேரி மணலில் விரித்தபோது, எங்கள் சிவப்பில் நீலம் கொஞ்சம் கூடியிருந்தது பளிச்சென்று தெரிந்தது. பட்டறை வெளிச்சத்தில் மூன்று பேர் பார்த்தும் கண்ணில் படாதது அது. பெரிய அளவில் சாயம் போடுமுன் தெரிந்ததால் ஒரு லேப் டிப் செலவோடு போயிற்று.

எல்லாம் முடிந்து லேபிளுக்கு வரும்போது, கழுவும் குறிப்பைத் தமிழிலும் அச்சிடுங்கள். அவுரி போட்ட சட்டையின் உள்பக்கம் நாங்கள் போட்டது இது: ‘முதல் இரண்டு முறை தனியாக அலசவும். உப்பு, ப்ளீச் வேண்டாம். உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் உலர்த்தவும்.’